பனைக்குப் பவுடர் போடுவது எப்படி?

அறுபது வயதுக்குக் குறைந்தவர்கள் இதைப் படிக்க வேண்டாம். அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். தவிர, செய்த காரியத்தின் பலனை உயிரோடு பார்த்துவிடும் ஆபத்தும் அவர்களுக்கு உண்டு. இது பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்தவர்களுக்கான கையேடு. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பூர்வீகமாக ஒன்றரை ஏக்கர் செவக்காடும், அதில் வற்றிப்போன ஒரு கிணறும், வரப்போரம் தாத்தா நட்டதாகச் சொல்லப்படும் (உண்மையில் யாரும் நடாத) சில பனைகளும் இருந்தால் போதும். புதுப் பனை ரகம் ஒன்றை உருவாக்கி அதற்கு உங்கள் பெயரையே வைத்துவிடலாம்.

முதலில் எந்தப் பனை என்று முடிவு செய்யுங்கள். புதிதாக எழும்பும் கல்யாண மண்டப வாசல்களைப் பார்த்து முடிவு செய்வதுதான் இப்போது வழக்கம். அங்கே நிற்பது ராயல் பாம், கியூபா பக்கத்துச் சரக்கு. இன்னும் வசதியுள்ள வாசலில் பாக்ஸ்டெயில் பாம். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் மெல்வில் முனைப் பாறைகளுக்கு நடுவே மட்டும் காடாக நின்ற மரம் அது. தாவரவியலாளர்கள் அதற்குப் பெயர் சூட்டியதே 1983-இல்தான். அதற்குள் நம் ஊர் நர்சரி வரை வந்து, விலைச் சீட்டோடு நிற்கிறது. குண்டு அடிமரத்தோடு நிற்கும் பாட்டில் பாம் மொரீஷியஸை ஒட்டிய ரவுண்ட் தீவுக்காரன். சொந்தத் தீவில் காட்டு மரமாக விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம். திருநெல்வேலிக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்தே அதைவிட அதிகம் எண்ணிவிடலாம்.

இவற்றிலும் கலப்பினம் உண்டு. பாக்ஸ்டெயிலை வீச்சியா என்னும் பசிபிக் தீவுப் பனையோடு சேர்த்து 'பாக்ஸி லேடி' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எழுதிய கன்று ஒன்றோடு நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தால், கேட்கப்படும் கேள்விகளுக்கு இந்தக் கையேடு பொறுப்பல்ல. பிரேசில் பக்கத்துப் பூட்டியாவையும் குயின் பாமையும் கலந்து பிரான்சில் ஒன்றை உண்டாக்கினார்கள். அதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் கோவேறு கழுதைப் பனை. பெரும்பாலும் முளைக்கிற விதை வைக்காது. ஒவ்வொரு கன்றுக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொழுது போகவே மாட்டேன் என்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

ஈச்சை எளிது. கரட்டில் நிற்கும் சிற்றீச்சை, ஓடைக்கரை ஈச்சை, பேரீச்சை எல்லாம் ஒரே குலம். அந்தக் குலத்தில் எதுவும் எதோடும் கலக்கும். இரண்டு மூன்று வகை ஒரே தோட்டத்தில் நின்றால் விதைக்குத் தகப்பன் யார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மரங்களும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, பஞ்சாயத்தும் கூட்டுவதில்லை. நம் பக்கத்து மனிதர்களைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

பேரீச்சைக்குக் கையால் மகரந்தம் தூவுவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பாபிலோனில் ஹமுராபி மன்னனின் சட்டத்திலேயே, தோட்டக்காரனிடம் மகரந்தம் தூவ விட்ட பேரீச்சைத் தோப்பின் விளைச்சலை எப்படிப் பங்கிடுவது என்று விதி இருக்கிறது. குத்தகைத் தகராறு அப்போதே இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஈச்சைக்காரர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டிய கதை வேறு. இஸ்ரேலில் மசாடா கோட்டை அகழ்வில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டு பழைய பேரீச்சைக் கொட்டை ஒன்றை 2005-இல் முளைக்க வைத்தார்கள். உலகமே வாய் பிளந்தது. மெத்தூசலா என்று பெயர் வைத்து, தண்ணீர் ஊற்றி, வருஷக் கணக்காகக் காத்திருந்தார்கள். பூத்த பிறகு பார்த்தால் ஆண் மரம்! பிறகு வேறு பழங்கொட்டைகளை முளைக்கப் போட்டு, ஹன்னா என்ற பெண் மரம் ஒன்று தேறி, மெத்தூசலாவின் மகரந்தத்தை அதற்குத் தூவி, 2020-இல்தான் பழம் தின்றார்கள்.

இனி நம் பனை. தமிழ்நாட்டின் மாநில மரம். இதன் 801 பயன்களைத் 'தால விலாசம்' என்ற பழைய நூல் அடுக்கியிருக்கிறது. ஓய்வு பெற்றவரை வெயிலில் நிறுத்தி வைப்பது 802-ஆவது.

பனையைக் கலப்பதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். மரம் நூறடி வரை போகிறது, ஏற ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஏறாத பனைக்குச் செங்கல் சூளைக்காரர் ஒரு விலை வைத்திருக்கிறார். குட்டையாக நின்று சீக்கிரம் பாளை விடும் பனை ஒன்று கிடைத்தால் பனையேறியின் முழங்காலும் பிழைக்கும், மரமும் பிழைக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா இல்லை. தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனைக்கென்றே வேலை நடக்கிறது. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரில் எஸ்விபிஆர் 1 என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு ரகமே கொடுத்திருக்கிறது. ஆனால் நீங்கள் அவர்களைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் பொழுதுபோக்கு எப்படி ஆகும்?

பனையில் ஆண் தனி, பெண் தனி. அலகுப்பனை ஆண், பருவப்பனை பெண். ஆகவே வரன் பார்க்கிற வேலை பாதி முடிந்தது. பெண் பாளையில் ஆண் பூவே கிடையாது என்பதால் எதையும் கத்தரிக்க வேண்டாம். பூ விரியும் முன்பே பாளைக்குத் துணிப்பை கட்டி, வெளி மகரந்தம் வராமல் காத்து, நாம் பார்த்து வைத்த அலகுப்பனையின் மகரந்தத்தைத் தூவினால் சரி. பழைய தலையணை உறை நன்றாகவே உதவும். புது உறையை எடுத்துப் போய் வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் மேலே இருக்கிறது. ஏறப் போகிறவர் நீங்கள் அல்ல, பனையேறி. இடுப்பில் பாளை அரிவாளும் கலயமுமாகக் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்குகிறவர். பதனீர் சீவுவதற்கும் உங்கள் ஆராய்ச்சிக்கும் வேண்டியது அதே பாளை. அவர் சீவினால் உங்களுக்குப் பூ இல்லை, நீங்கள் பை கட்டினால் அவருக்குப் பதனீர் இல்லை. மாசி, பங்குனியில் ஒரு மரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

"என்ன அண்ணாச்சி, கருப்பட்டி விக்கிற விலையில, பாளைக்குப் பவுடர் போடவா நான் மரம் ஏறணும்?"

இந்தக் கேள்விக்கு அறிவியல் பூர்வமான பதில் இல்லை. கருப்பட்டிக்கு ஆகும் பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் ஊர்க் கடையில் உங்களைப் பற்றிப் பேசத்தான் செய்வார்கள். பேசட்டும்.

ஆடி, ஆவணியில் பழம் விழும். சட்டென்று போய்ப் பொறுக்குங்கள். தாமதித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுட்டுத் தின்றுவிடும். சதை நீங்கிய கொட்டையை மழைக்கு முன் ஊன்ற வேண்டும், அதுவும் மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே. பனை மற்றச் செடிகளைப் போல முளைத்தவுடன் மேலே எட்டிப் பார்க்காது. முதல் முளை கீழே இறங்கி, மண்ணுக்குள் ஆழப் போய், அங்கே கிழங்கு வைத்த பிறகுதான் ஓலை வெளியே வரும். 'முளைத்ததா?' என்று தோண்டிப் பார்க்கக் கூடாது. தோண்டினால் முளைத்திருக்கும், பிறகு இருக்காது.

இனிதான் மிக முக்கியமான எச்சரிக்கை. மார்கழி பிறந்ததும் வேலி போடுங்கள். நீங்கள் கலப்பினத்தின் முதல் தலைமுறை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருப்பது, ஊர்க் கண்ணுக்குப் பனங்கிழங்கு. தை பிறப்பதற்குள் யாராவது பிடுங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, மகளுக்குக் கொடுக்கும் பொங்கல்படியில் கரும்போடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிடுவார்கள். அதைச் செய்கிறவர் உங்கள் வீட்டுக்காரம்மாவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கிழங்கு நார் இல்லாமல் இருந்ததாகச் சம்பந்தி வீட்டிலிருந்து தகவல் வந்தால், அதை ஆராய்ச்சி முடிவாக நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

தப்பிய கன்று ஓலை விட்டு வடலியாகும். வடலி என்றால் எவ்வளவு காலம் என்பதைப் பனவடலிசத்திரத்தில் பஸ்ஸுக்காக நின்றவர்கள் ஓரளவு ஊகிக்க முடியும். பனை பூக்கப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு ஆகும், இன்னும் கூடவும் ஆகலாம். அதுவரை ஆணா பெண்ணா என்று மரம் சொல்லாது. ஓலையின் நிறம், மட்டையின் கருக்கு, நட்ட நாளின் நட்சத்திரம் ஆகியவற்றை வைத்து முன்கூட்டியே சொல்கிறவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருப்பார்கள். இருவரிடமும் கேளுங்கள், ஒருவர் சொல்வது கட்டாயம் பலிக்கும். அறுபதில் தூவினால் எழுபத்தைந்தில் முதல் பூ, அதில் பாதிக்குப் பக்கம் அலகுப்பனை. நல்ல பெண் மரத்தைத் தேர்ந்து மறுபடி கலந்தால் தொண்ணூறில் இரண்டாம் தலைமுறை. லேபிளில் மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டத்துக்கு வந்தோம். பனை பூப்பதற்குள் இன்னொரு முறை மாறினாலும் மாறலாம்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குத் தென்னை இருக்கிறது. தென்னையில் நம் பழைய சென்னை மாகாணம் உலகத்துக்கே முன்னோடி. அன்று மாகாணத்தோடு இருந்த நீலேஸ்வரத்தில் ஜே.எஸ். படேல் 1932-இல் நெட்டைத் தென்னைக்குக் குட்டையின் மகரந்தத்தைத் தூவினார். பிறந்த கன்றுகள் தாய் தகப்பன் இரண்டையும்விட வீரியமாக இருப்பதை 1937-இல் எழுதி வெளியிட்டார். தென்னையில் வீரிய ஒட்டு என்ற பேச்சே அங்கே தொடங்கியதுதான். பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில், கிழக்குக் கரை நெட்டையை மலேயன் பச்சைக் குட்டையோடு கலந்து 1982-இல் விஎச்சி 1 வந்தது. மஞ்சள் குட்டையோடு கலந்து 1988-இல் அடுத்தது, ஆரஞ்சுக் குட்டையோடு கலந்து 2000-இல் மூன்றாவது. நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் என்றால் ஒட்டு நான்கு வருஷத்தில் பாளை தள்ளிவிடும்.

வேலையும் நேர்த்தியானது. பாளை வெடித்ததும் ஈர்க்குகளில் நெருக்கி நிற்கும் ஆண் பூக்களை ஒன்று விடாமல் உருவி எறிய வேண்டும். பல ஆயிரம் இருக்கும். குரும்பைகள் அடியில் தனியாக நிற்கும், அவற்றோடு பாளைக்குப் பை கட்டிவிட வேண்டும். நெட்டையில் மூன்று வாரம் போல ஆகும். பிறகு ஒவ்வொரு குரும்பையின் நுனியிலும் தேன் போலச் சொட்டு கசியும். அந்தப் பூ தயாராக இருப்பது ஓரிரு நாள்தான், எல்லாம் ஒரே நாளில் தயாராகவும் செய்யாது. ஆகவே தினமும் ஏறி, டால்க் கலந்த மகரந்தத்தைப் பீய்ச்ச வேண்டும். இங்கே சொல்லும் டால்க் வாசனை போடாதது. அலமாரியிலிருக்கும் மல்லிகை மணப் பவுடரை எடுத்துப் போனால் காயும் பிடிக்காது, வீட்டிலும் சந்தேகம் வரும்.

மகரந்தத்தை உலர்த்திப் பாட்டிலில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். பாட்டிலில் எழுதி ஒட்டுவது கட்டாயம். மஞ்சளாக, மாவு மாதிரி, மூடி போட்ட பாட்டிலில் இருக்கும் எதுவும் நம் சமையலறையில் கேள்வி இல்லாமல் பருப்புக்குள் போய்விடும்.

காய் முற்றப் பதினோரு பன்னிரண்டு மாதம். நெற்று முளைத்ததும், கலப்பு நடந்ததா, மரம் தன்னோடு தானே சேர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தாய் ஆரஞ்சுக் குட்டையாக இருந்து கன்றின் மட்டை பழுப்பாக வந்தால் கலப்பு. மட்டை அம்மாவைப் போலவே பளிச்சென்று ஆரஞ்சாக இருந்தால் உங்கள் பவுடர் வீண். பூச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காண்டாமிருக வண்டுக்கு மூன்று குருத்து மட்டை இடுக்கில் பாச்சை உருண்டை. 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும் தண்ணீர்ப் பீய்ச்சலும். அந்த ஈ குட்டைகளையும் ஒட்டுகளையும்தான் அதிகம் விரும்புகிறது, ரசனை உள்ள பூச்சி. வடலிக்குள் பாம்பு என்றால் சங்கரன்கோவில் புற்றுமண். அது எந்தப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் இல்லை, ஆனாலும் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

ரகம் தேறிவிட்டால் பதிவு செய்ய வேண்டும். 2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் மரங்களுக்கு 18 ஆண்டு உரிமை தருகிறது. ரகம் தனித்தன்மையோடும் ஒரே சீராகவும் தலைமுறை மாறினாலும் மாறாமலும் இருப்பதைக் காட்ட வேண்டும். ஒரு தலைமுறைக்குப் பதினைந்து ஆண்டு எடுக்கும் மரத்துக்கு இதைக் காட்டி முடிக்கும்போது, மனுவில் கையெழுத்திட வேண்டியவர் உங்கள் பேரன். அவனுக்கு இப்போதே பனையைப் பற்றிச் சொல்லி வையுங்கள். காதில் மாட்டியிருப்பதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

தேறாத மரங்கள்? ரகம் உண்டாக்குகிறவரின் முதல் கடமையே, தேறாததைத் தயவு பார்க்காமல் வெட்டி எறிவதுதான். தென்னையில் அது நடக்கும். பனையில், 2021-இல் சட்டசபையில் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் சொன்னபடி, வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். நல்ல ஏற்பாடு, சூளைக்குப் போகும் பனைகளை நினைத்தால் இன்னும் முன்பே வந்திருக்கலாம். ஆனால் குட்டையாக வரும் என்று பதினைந்து ஆண்டு காத்து, நெடுநெடுவென்று நிற்கும் உங்கள் கலப்பினத்துக்கும் அதே விதிதான். திங்கட்கிழமை மனுநாளில் தென்காசிக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். காரணம் என்ற இடத்தில் சுருக்கமாக, 'எதிர்பார்த்ததைவிட உயரம்' என்று எழுதுங்கள். மனுவை வாங்குகிறவர் ஒரு தடவை படித்துவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "பனை உயரமாத்தான சார் இருக்கும்?" என்பார். அப்போது எடுத்துக் காட்டுவதற்குத்தான் அந்த நோட்டு.