வறண்ட கிணறும் வரவு செலவும்

கேள்வி: எண்ணெய் தேடித் தோண்டிய கிணறு வறண்டுபோனால், அந்தச் செலவைச் சொத்து என்று கணக்கில் எழுதலாமா?

பதில்: அமெரிக்காவில் எழுதலாம். பத்துக் கிணறு தோண்டி ஒன்றில் மட்டும் எண்ணெய் வந்தால், ‘முழுச்செலவு’ முறையில் பத்தின் செலவும் சொத்து. ‘வெற்றி முயற்சி’ முறையில் வறண்ட ஒன்பதும் உடனே நஷ்டம். நிதிக் கணக்கியல் தர வாரியம் 1977-இல் இரண்டாவதையே கட்டாயமாக்கியது. சிறு நிறுவனங்களுக்கு முதலீடு கிடைக்காது என்று எதிர்ப்பு எழுந்தது. பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 1978-இல் இரண்டையும் அனுமதித்தது. ஒன்பது தோற்றால்தான் பத்தாவது கிடைக்கும் என்பார்கள் முழுச்செலவு முறையின் ஆதரவாளர்கள். உண்மைதான், ஆனால் அந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டு பணம் போடுவது முதலீட்டாளரின் உரிமை. முழுச்செலவு முறையில் சொத்து மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டாமல் பார்க்கும் உச்சவரம்புச் சோதனை இருக்கிறதே என்றால், அது பெரும்பாலும் எண்ணெய் விலை சரிந்த பிறகுதான் உறைக்கும். கிணற்றில் ஊறாத எண்ணெய் கணக்கேட்டில் ஊறக்கூடாது.