ஆறு நிமிடம்

1980களில் எங்கள் கிருஷ்ணன்கோவிலில் போலீஸ்காரர் ஒரு வண்டியை மறித்தார் என்றால் அது சைக்கிளாகத்தான் இருக்கும். இரண்டே குற்றங்கள்: இரவில் விளக்கில்லாமல் போனது, பின்னால் ஆளை வைத்து டபுள்ஸ் போனது. வத்திராயிருப்பு விலக்கில் புளியமரத்து இருட்டுக்குள் அவர் நிற்பார். டைனமோ கெட்டுப்போனவன் தூரத்திலேயே இறங்கி, தள்ளிக்கொண்டு நடப்பான். மாட்டினால் கேஸ் எழுதுவார். மனம் இரங்கினால் டியூபில் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்புவார். வேகமாகப் போனதற்காக யாரையும் பிடித்ததாக ஊரில் ஒரு பேச்சுகூட நான் கேட்டதில்லை. பிடிக்கிற அளவுக்கு வேகம் அந்தச் சாலையில் கிடையாது.

மதுரையிலிருந்து திருமங்கலம், தே.கல்லுப்பட்டி வழியாக வந்து எங்கள் ஊரைத் தொட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை என்று கொல்லம் வரை போகிற சாலை அது. பிற்பாடு 208 என்றார்கள், இப்போது 744 என்கிறார்கள். அன்று எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும். இரண்டு பக்கமும் புளியமரம். அறுவடைக் காலத்தில் சோளத்தட்டையும் கம்பங்கதிரும் நடுரோட்டில் காய்ந்துகொண்டிருக்கும். லாரி ஏறி மிதித்தால் கதிர் அடித்த மாதிரி ஆயிற்று என்று விவசாயிகள் சும்மா இருப்பார்கள்.

பெரியப்பா அந்தச் சாலையில் தனியார் பஸ் ஓட்டினார். மதுரை–ராஜபாளையம் சிங்கிள். கூரையில் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி மூட்டைகள், டிரைவர் பக்கத்தில் யாரோ ஒப்படைத்த பால்கோவா டின், பின் படிக்கட்டில் மில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். நாற்பது, நாற்பத்தைந்துக்கு மேல் முள் ஏறாது. அழகாபுரி தாண்டினால் எங்கள் ஊர், பிறகு சற்று நேரத்தில் ஆண்டாள் கோவிலின் பதினோரு நிலைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும். மூட்டை முடிச்சுகளை எடுக்கத் தொடங்குவார்கள்.

அன்றைக்கு அவசரம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பழைய காலத்தைப் பேசும்போது எல்லாரும் சாவகாசமாக இருந்ததாகச் சொல்லிவிடுகிறோம், அது உண்மையல்ல. பஸ்காரர்களுக்கு 'டைமிங்' என்ற ஒன்று இருந்தது. பெர்மிட்டில் எழுதிய நேரத்துக்கு எடுக்க வேண்டும். முந்தின வண்டி ஐந்து நிமிடம் தாமதமாக எடுத்தால் பின்னால் வருகிறவனின் கலெக்‌ஷன் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். முதலாளியும் பேட்டாவும் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். வண்டியும் சாலையும்தான் ஒத்துழைக்கவில்லை.

ஆனாலும் பெரியப்பா எங்கள் ஊர் வளைவுக்கு முன்பே காலை எடுத்துவிடுவார். தலையில் புல்லுக்கட்டு வைத்த பெண்கள் கழுத்தைத் திருப்ப முடியாமல் நேரே பார்த்தபடி சாலையைக் கடப்பார்கள். ஒருநாள் முன் இருக்கையில் இருந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, மாட்டு வண்டி மாதிரி உருட்டுறீக?" என்றார். பெரியப்பா திரும்பாமலே சொன்னார்: "மிதிச்சா போயிரும்யா. போறது என் கையில இருக்கு. நிக்கிறது என் கையில மட்டுமா இருக்கு?"

இன்று என் தம்பி மகன் மதுரையில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் காரில் ஊருக்கு வருவான். அவனுக்குப் போன மாதம் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வண்டி எண், இடம், நேரம், வேகம், படம், அபராதம் ஆயிரம் ரூபாய். எந்தப் போலீஸ்காரரையும் அவன் பார்க்கவில்லை. அவன் கோபப்படவும் இல்லை. காபி குடித்துக்கொண்டே செல்போனில் பணத்தைக் கட்டிவிட்டு, "எப்பவாவது ஒரு தடவை மாட்டுறதுக்கு இது பெரிய காசில்ல பெரியப்பா. வருஷம் முழுக்க மிச்சமாகுற நேரத்தைப் பாருங்க" என்றான்.

அவன் கணக்கில் கெட்டிக்காரன். ஆகவே கணக்காகவே பேசினோம்.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து ராஜபாளையம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 36 நிமிடம். 60இல் போனால் 24 நிமிடம். பன்னிரண்டு நிமிடம் லாபம், வேண்டாமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். 60இலிருந்து 80க்குத் தாவினால் 18 நிமிடம், லாபம் ஆறுதான். 80இலிருந்து 100க்குப் போனால் இன்னும் மூன்றரை நிமிடம் தேறும். ஒவ்வொரு இருபதுக்கும் கிடைக்கும் கூலி குறைந்துகொண்டே வருகிறது. அதிலும் இது வழியில் ஒரு ஆடு, ஒரு ரயில்வே கேட், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் ஒரு நெரிசல் எதுவும் இல்லாத காகிதக் கணக்கு. பறந்து வந்து முந்திப் போன கார் பஸ் ஸ்டாண்ட் அருகே நம் முன்னாலேயே நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆபத்தோ எதிர்த் திசையில் வளர்கிறது. வேகம் இரட்டிப்பானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். அதைச் சாலையில் இறக்கிப் பார்க்க வேண்டும். நல்ல டயர், காய்ந்த தார், கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்தால், 60இல் போகிற கார் சுமார் 37 மீட்டரில் நின்றுவிடும். 80இல் போகிற காருக்கு 57 மீட்டர் வேண்டும். 100க்கு 80 மீட்டரைத் தாண்டிவிடும். இதில் என் தம்பி மகனை உட்கார வைத்த இடம் எதுவென்றால், 37ஆவது மீட்டரில் ஒரு பெண் சாலையைக் கடக்கிறாள் என்று வைத்துக்கொண்டதுதான். 60இல் வந்தவன் அவளுக்கு முன்னால் நின்றுவிட்டான். 80இல் வந்தவன் பிரேக்கை முழுக்க மிதித்தபடியே, அதே இடத்தை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கிறான். கூட்டியது இருபது. அவள் மேல் மோதுவது அறுபது.

அவன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தானே ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தான். விடை மாறவில்லை.

சுவீடனில் யோரான் நில்சன் என்ற ஆய்வாளர் வேக வரம்புகள் மாறியபோது விபத்துகள் எப்படி மாறின என்று ஆராய்ந்து ஒரு விதி கண்டார். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ச்சேதம் தரும் விபத்துகள் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு கூடும். உலக சுகாதார நிறுவனமும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. இதெல்லாம் வெளிநாட்டுச் சாலைக்கு என்று ஒதுக்க வேண்டாம். அங்கே நடப்பவனுக்கு நடைபாதை உண்டு. எங்கள் ஊரில் சாலைதான் நடைபாதை, பஸ் ஸ்டாப், சந்தை எல்லாம்.

யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். கலசலிங்கம் கல்லூரி 1984இல் வந்தது, இன்று பல்கலைக்கழகம். தினமும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடந்துதான் டீ குடிக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் போகிறார்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்கள் எங்கள் ஊரில் இறங்கித்தான் வத்திராயிருப்பு, தாணிப்பாறைக்கு வண்டி மாற வேண்டும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள் இரவெல்லாம் செங்கோட்டையை நோக்கி ஓடும். மாலை போட்ட டிரைவர் முந்தின நாள் தூங்கினாரா என்று யாருக்கும் தெரியாது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடப்பவர்கள் விடியற்காலை இருட்டில் சாலையோரமாகவே வரிசையாகப் போவார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு கடப்பார்கள். இவர்களில் ஒருவருக்கும் என் தம்பி மகன் மிச்சம் பிடிக்கும் ஆறு நிமிடத்தில் ஒரு நொடிகூடப் பங்கில்லை. ஆபத்தில் மட்டும் பெரும்பங்கு இவர்களுடையது. வேகமாகப் போவது லாபமா என்று நம் வீட்டுக்குள் பேசும்போது நம்மையே இரண்டு தட்டிலும் வைத்து நிறுக்கிறோம். என்னைப் பொறுக்க முடியாமல் செய்வது இதுதான். லாபம் எடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட இறப்புகள் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து, 17,884. நம் மாநிலத்தில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. மனதார வரவேற்கிறேன். ஆனால் அது அடிபட்ட பிறகு தொடங்கும் கடிகாரம்.

சட்டம் நம் கண் முன்னால்தான் வளர்ந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதிவேகத்துக்கு முதல் தடவை 400 ரூபாய் வரை அபராதம் என்று வைத்தது. முப்பது ஆண்டு அப்படியே கிடந்தது. 2019 திருத்தம் காருக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம், கனரக வண்டிக்கு இரண்டாயிரம் முதல் நான்காயிரம் என்று உயர்த்தியது. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. வேக வரம்பின் கதை இன்னும் விசித்திரம். 2018 ஏப்ரலில் மத்திய அரசு காருக்கு விரைவுச் சாலையில் 120, நான்கு வழிச்சாலையில் 100 என்று வரம்பை உயர்த்தி அறிவித்தது. 2021இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. வேகம் கூடினால் சாவு கூடும் என்பதை நீதிமன்றம் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது.

அபராதம் கூடியதால் மட்டும் கால் பெடலிலிருந்து எழவில்லை. கேமரா இருக்கும் இடம் ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அங்கே எல்லா வண்டியும் பணிவாக ஊர்கிறது. இருநூறு மீட்டர் தாண்டியதும் சீறுகிறது. முன்னால் ரேடார் வைத்துக்கொண்டு போலீஸ் நின்றால் எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை அடித்துக் காட்டுகிறார். சைக்கிள் காலத்திலும் இது உண்டு. "விலக்குல நிக்காரு, இறங்கித் தள்ளு" என்று எதிரே வருகிறவன் சொல்லிவிட்டுப் போவான். அந்த எச்சரிக்கையால் யாருக்கும் கேடில்லை. விளக்கில்லாத சைக்கிள் அன்று கீழே தள்ளினால் முழங்கால்தான் சிராய்க்கும். இன்று லைட் அடித்துக் காட்டுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அடுத்த ஊரில் சாலையைக் கடக்கும் ஒரு பிள்ளையின் பாதுகாப்பைத் தூக்கி அந்நியருக்குக் கொடுத்துவிடுகிறார். இதைச் செய்யும் நண்பர்களிடம் நான் நேரிலேயே சொல்லிவிட்டேன். சிலர் நிறுத்தினார்கள்.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்கு வழிச்சாலை வேலை எடுத்தபோது புளியமரங்கள் போயின. நல்ல சாலை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பிரசவ வலியில் மதுரைக்கு ஓடிய குடும்பங்களுக்குத் தெரியும், பழைய குழிகள் என்ன செய்தன என்று. நடுவில் தடுப்பு இருந்தால் நேருக்கு நேர் மோதல் குறையும். ஆனால் அகலமான சாலை டிரைவரின் கண்ணுக்கு வேகத்தை மறைத்துவிடும். 80இல் போகும்போது 50இல் போவது போலிருக்கும். அந்த மயக்கத்தோடு ஒரு ஊர் விலக்கை நெருங்குவதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இத்தாலியில் 2005இலிருந்தும் பிரிட்டனில் அதற்கு முன்பிருந்தும் இரண்டு இடத்தில் கேமரா வைத்து, ஒரு வண்டி முதல் கேமராவைத் தாண்டிய நேரத்தையும் இரண்டாவதைத் தாண்டிய நேரத்தையும் ஒப்பிடுகிறார்கள். நடுவில் எவ்வளவு தூரம் என்பது தெரியும். சராசரி வேகம் தானாக வந்துவிடும். கேமராவுக்கு முன்னால் மட்டும் பிரேக் போடுகிற தந்திரம் அங்கே செல்லாது. மேலே இருந்து ஒரு கணம் மட்டும் பார்க்காமல், முழு வழியையும் பார்க்கிற கணக்கு அது.

எங்கள் சாலைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கிருஷ்ணன்கோவில் விலக்கில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் நுழைவில் ஒன்று. நடுவே 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இங்கே காலை 9 மணிக்குத் தாண்டிய கார் அங்கே 9.08க்குத் தெரிந்தால் அது வழி முழுக்கச் சராசரியாக 90இல் வந்திருக்கிறது. வாதாட எதுவும் இல்லை. இதை மனுவாக எழுதி, கூடவே விலக்கில் உயர் விளக்கும், கல்லூரி எதிரே மேடான நடைக்கடவையும் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பிரதி, நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஒரு பிரதி. 12 கிலோமீட்டர் கணக்கை மனுவில் எழுதிக் கொடுத்தது என் தம்பி மகன்தான். முதல் கையெழுத்தும் அவனுடையது.