உழுகிறவர் கையில் சிக்காமல் பொது நிலத்தைக் குத்தகைக்கு விடுவது எப்படி?

நரிக்குடி ஒன்றியத்தில் ஏதோ ஓர் ஊரில் ஒரு துண்டு நிலம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரசுத் தரிசாக இருக்கலாம், கோயில் நிலமாக இருக்கலாம். உள்ளூர் விவசாயிக்குக் குத்தகைக்கு விடச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. பதறாதீர்கள். கீழே உள்ளவற்றில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலைதான். மீதியைப் பழக ஒரு பசலி போதும்.

1. நிலம் யாருடையது என்பதைத் தெளிவாக்கிவிடாதீர்கள். தரிசா, மேய்ச்சல் புறம்போக்கா, கண்மாய்ப் புறம்போக்கா? மனுக் கொண்டுவருகிறவர் சுற்றட்டும். கண்மாயை ஒட்டிய நிலம் என்றால் இன்னும் வசதி. ஆயக்கட்டு 40 ஹெக்டேரைத் தாண்டினால் நீர்வளத்துறை, தாண்டாவிட்டால் ஒன்றியம். ஆயக்கட்டு எவ்வளவு என்று மனுக்காரரிடமே கேளுங்கள். தாத்தா காலத்தில் மடை திறந்த கதையைச் சொல்வார். முழுக்கக் கேட்டுவிட்டு, "சர்வேயர் வரட்டும்" என்று சொல்லுங்கள். சர்வேயர் வருவதற்குள் சர்வே கல்லை யாராவது துணி துவைக்க எடுத்துப் போயிருப்பார்கள்.

2. தேதியைக் கவனமாகக் குறியுங்கள். இது மானாவாரிக் கரிசல். சித்திரையில் கோடை மழைக்கு ஓர் உழவு, புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் மழை. பருத்தியோ மிளகாயோ கம்போ, எல்லாம் இந்தக் கணக்குத்தான். ஆகவே ஏலத்தைக் கார்த்திகைக் கடைசியில் வையுங்கள். குத்தகைக் காலம் ஜூன் 30-ல் பசலியோடு முடியும் என்று எழுத மறக்காதீர்கள். நிலத்தை எடுத்தவர் வெடித்துக் கிடக்கும் மண்ணை ஆறேழு மாதம் ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

3. அறிவிப்பு சட்டப்படி ஒட்டப்பட வேண்டும். ஒட்டுங்கள். கதவின் உள்பக்கம் ஒட்டக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தண்டோராவும் போடுங்கள், ஊர் முழுக்க நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.

4. டெபாசிட்டை, ஆடு விற்றாலும் கட்ட முடியாத தொகையாக வையுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

5. ஏலம் என்றால் மூன்று பேராவது கேட்க வேண்டும். கேட்பார்கள். மூவரும் ஒரே காரில் வந்து இறங்கி, ஒரே கடையில் வடை சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். முதலாமவர் கேட்பார், இரண்டாமவர் நூறு ரூபாய் கூட்டுவார், மூன்றாமவருக்கு இருமல் வரும். சுத்தியல் இல்லாவிட்டால் ரப்பர் ஸ்டாம்பால் தட்டுங்கள்.

ஏலம் ஏழைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தாலும் கவலை வேண்டாம். பஞ்சாபில் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கிராமப் பொதுச் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்கு மட்டுமே குத்தகை ஏலம் விட வேண்டும். பெரிய விவசாயிகள் தங்கள் பண்ணையாளின் பெயரில் ஏலம் எடுத்துத் தாங்களே உழுதார்கள். பத்தாண்டுகளுக்கு முன் சங்ரூர் பக்கம் தலித்துகள் ஒன்றுசேர்ந்து, "பினாமி வேண்டாம், நாங்களே கூட்டாக எடுத்து உழுகிறோம்" என்று கிளம்பினார்கள். சில ஊர்களில் எடுத்தும் காட்டினார்கள். இந்தத் தகவல் நரிக்குடிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. கேரளத்தில் குடும்பஸ்ரீப் பெண்கள் குழுவாகக் குத்தகை எடுத்துப் பயிர் வைக்கிறார்கள் என்று யாராவது ஆரம்பித்தால், "அங்கே மழை ஜாஸ்தி" என்று முடித்துவிடுங்கள்.

6. இவ்வளவுக்குப் பிறகும் எப்போதாவது கைபிசகி உழுகிறவரே நிலத்தை எடுத்துவிடுவது உண்டு. மனம் தளராதீர்கள். ஒரே ஒரு வருடத்துக்குக் கொடுங்கள். கோயில் நிலம் என்றால், 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு 5 ஆண்டுக்கு மேல் போகும் குத்தகைக்குத்தான் ஆணையரின் அனுமதி கேட்கிறது. அதாவது 5 ஆண்டு வரை கொடுக்க வழி இருக்கிறது. அந்த வழியில் போகாதீர்கள். சாமி சட்டப்படி மைனர், அவர் சொத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு வருடத்தின் மகிமையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நிலம் முழுக்கச் சீமைக்கருவை. எடுத்தவர் ஓர் அம்மா. மேலே வெட்டினால் மறுமழைக்குத் துளிர்க்கும் என்பதால் தூரோடு தோண்ட வேண்டும். காதில் கிடந்ததை அடகு வைத்து ஜேசிபி பிடிக்கிறார். அது விட்டுப்போன தூரைக் கடப்பாரையால் தானே நெம்புகிறார். முள் குத்திய கால் ஒரு வாரம் வீங்கிக் கிடக்கிறது. வரப்புப் போட்டு, ஆட்டுக்கிடை அமர்த்தி, நிலம் நிலமாகும்போது ஆனி மாதம் வந்துவிடுகிறது. அடுத்த ஏலம்.

"சார், இது நான் வெட்டித் திருத்துன நிலம் சார்."

"அதாம்மா. நிலம் இப்ப நல்லாருக்கு, அதான் கேள்வித்தொகை கூடியிருக்கு."

இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சொல்லும்போது சிரிக்காதீர்கள்.

7. தாள் மட்டும் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அடங்கலில் அந்த அம்மாவின் பெயர் ஏறாவிட்டால் பயிர்க்காப்பீட்டுக்கு வழியில்லை. பிரதமரின் 6,000 ரூபாய் நிலம் சொந்தமாக இருப்பவருக்குத்தான், குத்தகைக்காரருக்குக் கிடையாது. ஏலம் போன பிறகும் அவர் உழுதுகொண்டிருந்தால் அப்போது தாராளமாக ஒரு தாள் கொடுக்கலாம்: 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி பி மெமோ. அவர் அதை மஞ்சள் பையில் மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்வார். நம் ஊரில் ஏழைக்கு நிலத்தின்மேல் பாத்தியதை இருந்ததற்கு அடையாளமாக மிஞ்சுவது பெரும்பாலும் அபராதச் சீட்டுத்தான்.

8. இப்போது நிலத்தைச் சும்மா விடுங்கள். ஏலம் எடுத்த கார்க்காரர்கள் உழப் போவதில்லை. அவர்களுக்குக் கைவசம் ஆவணம் இருந்தால் போதும். இரண்டு மழையில் கருவை தலைகாட்டும், நாலைந்து வருடத்தில் ஆள் நுழைய முடியாது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை வேரோடு அகற்றச் சொன்னது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. மரத்துக்கு இரண்டு உத்தரவும் தெரியாது, வளர்ந்துகொண்டே இருந்தது. முற்றியதும் விறகுக்கு ஏலம் விடுங்கள். கரிமூட்டம் போட அதே கார் வரும், அதே மூன்று பேர் இறங்குவார்கள், அதே இருமல்.

வெட்டுக்குக் கூலியாள் வேண்டுமென்று கேட்பார்கள். அந்தத் துண்டில் எந்தத் தூர் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஓர் அம்மா ஊரில் இருக்கிறார். சொல்லியனுப்புங்கள்.