மூச்சை மெதுவாக விடுங்கள் டீச்சர்

ஆசிரியர்களின் மன அழுத்தத்தைப் போக்கியே தீருவது என்று மேலிடம் முடிவு கட்டிவிட்டால், ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றிக்கொள்வது. அழுத்தம் போக்கும் பயிற்சி சனிக்கிழமைதான் நடக்கும். வந்தவர்களின் வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும். எல்லாரும் கண்ணை மூடித் தியானத்தில் இருக்கும்போது ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து போட்டோ எடுக்க வேண்டும், தியானம் நடந்ததற்கு அதுதான் சாட்சி. போட்டோ இரவுக்குள் வாட்ஸ்அப் குழுவில் விழ வேண்டும். கடைசியில் ஒரு கூகுள் படிவம்: பயிற்சிக்குப் பின் உங்கள் மனம் லேசாகியிருக்கிறதா? ‘இல்லை’ என்று தெரியாமல் அழுத்திவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் போச்சு.

ஆரணி டீக்கடையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர் இது. விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிப் பிணைத்துவிட்டு, பகலெல்லாம் குழித்தறியில் கால் மிதித்து, ராத்திரி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவருக்கு வாத்தியார் வேலை சொர்க்கமாகத்தான் தெரியும். “ஒம்பது மணிக்குப் போறாங்க, நாலு மணிக்கு வந்துடறாங்க. மே மாசம் முச்சூடும் லீவு. இதுல என்னாங்க அழுத்தம்?” கேள்வி நியாயமானதுதான். கேட்பவருக்கு வாரவிடுமுறை கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது, சேலை இறங்கினால்தான் கூலி. ஆனால் ஒன்றை அவர் விசாரிக்க வேண்டும். அந்த ஒன்பது மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் தன் பிள்ளைக்குப் பாடம் நடந்த நேரம் எவ்வளவு?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிற கணக்கு இது: தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும். வகுப்போ ஐந்து. இரண்டு பேர் ஐந்து வகுப்பை எப்படி நடத்துவார்கள் என்று கணக்குப் பாடத்தில் கேட்டால் எந்தப் பிள்ளையும் விடை சொல்லாது, சட்டம் சொல்லியிருக்கிறது. ஆரணி, மேற்கு ஆரணி ஒன்றியக் கிராமங்களில் இப்படி ஈராசிரியர் பள்ளிக்கூடங்களைப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டாம். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் குறுவள மையக் கூட்டத்துக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ கிளம்பிவிட்டால் மிச்சம் ஒருவர்.

அந்த ஒருவர் கையில் சாக்பீஸ் இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? போன் இருக்கிறது. எமிஸ் என்கிறார்கள், கல்வித் துறையின் தகவல் செயலி. பிள்ளைகளின் வருகை அதில். உயரம் எடை அதில். பல் சொத்தையா, கண் தெரிகிறதா, அதுவும் அதில். நோட்டு, பை, செருப்பு கொடுத்த கணக்கு அதில். ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் அதில். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் வந்தது. நோக்கம் நல்லது, கொரோனாவில் எழுத்தை மறந்த பிள்ளைகளை மீட்கத்தான் கொண்டுவந்தார்கள். அதற்கும் மதிப்பீடு செயலியில்தான். சர்வர் சுற்றுகிறது. சிக்னல் இல்லாத ஊரில் டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்து வேப்பமரத்தடியில் நிற்கிறார். உள்ளே மூன்றாம் வகுப்பு நாலாம் வகுப்பை அடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு அழுகிறது. “எமிஸ்ல ஏத்தியாச்சா?” என்று கேட்காத அதிகாரி இல்லை. “பிள்ளைக்கு ‘ழ’ எழுத வந்துச்சா?” என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

2023 அக்டோபரில் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் போராட்டம் அறிவித்தபோது இந்த எமிஸ் சுமையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. விடுவிப்போம் என்று வாக்குறுதி வந்தது. வாக்குறுதியை எந்தச் செயலியில் பதிவேற்றினார்கள் என்று தெரியவில்லை, அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சட்டம் ஆசிரியரைக் காப்பாற்றவில்லையா என்றால், காப்பாற்றுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், உள்ளாட்சி, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் பணிகள், இவை தவிர. இந்த ‘தவிர’ ஒரு பெரிய கதவு. அதன் வழியாகத்தான் மொத்த நிர்வாகமும் பள்ளிக்குள் நுழைந்து டீச்சரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போகிறது.

இதைவிட நயமான ஒன்று உண்டு. 2007 டிசம்பரில் டெல்லிப் பள்ளி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாக்காளர் பட்டியல் வேலைக்கு ஆசிரியரைப் பாடவேளையில் இழுக்கக் கூடாது, விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நாளிலும் மட்டும் பயன்படுத்துங்கள் என்றது. பிள்ளையின் பாடம் பிழைத்தது, சந்தோஷம். டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை செத்தது. வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே சமநிலை வேண்டும் என்று உலகமெல்லாம் மாநாடு போடுகிறார்கள். நாம் ஒரே தீர்ப்பில் தராசை நேராக்கிவிட்டோம்: வேலை நாளில் வேலை, விடுமுறை நாளிலும் வேலை.

அந்தத் தீர்ப்பையாவது மதித்தார்களா? 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று பட்டம் சூட்டப்பட்டவர்களில் ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் நிறையப் பேர். படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக. நெசவாளர் தெருவில் ஆள் வீட்டில் இருப்பார், தறியை விட்டு எழுந்து வரமாட்டார். எழுந்தால் கூலி போகும். அரிசி ஆலைக்குப் போனவரைப் பிடிக்க ராத்திரி வர வேண்டும். வாங்கிய படிவத்தைச் செயலியில் ஏற்ற வேண்டும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வந்து நின்றது. பல மாநிலங்களிலிருந்து இந்த வேலையின் நெருக்கடியில் இறந்தவர்களின் செய்திகள் வந்தன. டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மாநிலங்கள் கூடுதல் ஆட்களைக் கொடுத்துச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. மனுஷன் விழுந்த பிறகுதான் இந்த நாட்டில் பாரத்தைத் தூக்கிப் பார்க்கிறார்கள், எவ்வளவு கனம் என்று. அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தலைக் கணக்கெடுக்கும் மாதம் 2027 பிப்ரவரி. பொதுத்தேர்வு நெருங்குகிற பிப்ரவரிதான். வேறு எந்த மாதம் கிடைக்கும்?

பிரான்சில் 2017 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் வேலை நேரம் முடிந்த பிறகு வருகிற தகவலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையைப் பற்றி முதலாளியும் தொழிலாளியும் பேசி வரையறுக்க வேண்டும். நம் டீச்சருக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வருகிறது: “மிக அவசரம். இன்றே.” அடுப்பில் தோசை கருகுகிறது. கணவர் சத்தம் போடுகிறார். டீச்சர் கட்டை விரலை உயர்த்திக் காட்டும் பொம்மையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து விவரம் தொகுக்கிறார். அந்த விவரம் சென்ற மாதமே கொடுத்தது. அதற்கு முந்தைய மாதமும்.

சரி, இதெல்லாம் நிரந்தர வேலையில் இருக்கிற பாக்கியசாலிகளின் புலம்பல். கொஞ்சம் கீழே இறங்குவோம். 2012-இல் தமிழக அரசு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாகச் சேர்த்தது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி, வாழ்வியல் திறன். பிள்ளையின் மனசு லேசாக இருக்க எதெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் இவர்கள் பாடம். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பல போராட்டத்துக்குப் பிறகு 7,000, 7,700, 10,000, 12,500 என்று ஊர்ந்தது. ஆண்டுக்கணக்காக மே மாதம் மட்டும் சம்பளமே கொடுக்கவில்லை. பள்ளி மூடியிருக்கும்போது வயிறும் மூடியிருக்கும் என்று நிதித்துறையில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். வாழ்வியல் திறன் கற்பிக்கிறவருக்குப் பன்னிரண்டில் ஒரு மாதம் வாழத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது, சம்பளமில்லாமல். அதுவும் பாடத்திட்டத்தில் சேர்த்திதானோ என்னவோ.

இடைநிலை ஆசிரியர்கள் கதை இன்னொன்று. 2009 மே 31-க்குள் சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370. ஜூன் 1-ஆம் தேதி சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே கரும்பலகை, அதே படிப்பு. நடுவில் இருப்பது ஒரு ராத்திரி. 2018, 2022, 2023 என்று சென்னையில் கல்வித் துறைத் தலைமையகமான டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இருந்தார்கள், மயங்கி விழுந்தவர்களை ஆம்புலன்ஸ் தூக்கிப் போயிற்று. இவர்களுக்கு மூச்சுப் பயிற்சி எப்போது வைக்கலாம்? பட்டினி கிடப்பதற்கு முன்பா, பின்பா?

கேட்டால் கோபம் வரும் ஆட்சிக்கு. எந்த ஆட்சியானாலும். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது இதே மாநிலம்தான். அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் குடும்பத்தோடு இருக்க அவகாசம் கொடுத்த வேறொரு நலத்திட்டம் இன்றுவரை வரவில்லை.

இன்னும் கீழே இறங்கினால் தனியார் பள்ளி. ஆரணியில் தெருவுக்குத் தெரு மஞ்சள் பேருந்து. உள்ளே உட்கார்ந்திருக்கும் மிஸ் பெரும்பாலும் நெசவாளி வீட்டுப் பெண். அப்பா கடன் வாங்கி பி.எட். படிக்க வைத்தது. காலையில் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். ராத்திரி நோட்டுத் திருத்தம். ஏப்ரல், மே வந்தால் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும், இத்தனை பிள்ளை சேர்த்தால்தான் அடுத்த வருஷம் வேலை. கையில் வரும் சம்பளத்தைத் தறிக்கூலியோடு ஒப்பிட்டு அப்பா சிரிப்பார். சிரித்துவிட்டு, “தார் சுத்திக் குடும்மா” என்பார். அவள் சுற்றுவாள். ஆசிரியர் தினத்தன்று பள்ளி நிர்வாகம் அவளுக்கு ஒரு பேனா கொடுக்கும்.

ஆசிரியர் அழுத்தம் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு வருவோம். பிள்ளைகளின் வேலை-வாழ்க்கைச் சமநிலையை நாடாளுமன்றமே கவனித்துக்கொண்டது. 2016 ஜூலையில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை எந்த வேலையும் செய்யக் கூடாது என்று முதல் வரி. அடுத்ததாக, பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சலுகை. எது ஆபத்து என்பது அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையை எத்தனை முறை திருத்தினாலும் தறிக்குழிக்கு அதைப் படிக்கத் தெரியாது. கோர்வைச் சேலை நெய்ய, கரைப் பக்கம் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பட்டுத்தறி ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அது சின்னக் கைதான். காஞ்சிபுரத்தில் முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையே எழுதியது. பள்ளி விட்டு வந்து நாடா தள்ளும் பிள்ளை எப்போது விளையாடும் என்பதற்குச் சட்டத்தில் உட்பிரிவு இல்லை.

இப்போது தறியில் சின்னக் கைகள் குறைந்துவிட்டன. அதற்கு நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்தக் கைகள் விடுதலையாகி நேராக ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயின. பத்தாம் வகுப்பு என்றால் காலை எட்டு மணி முதல் இருட்டும் வரை, அதன் பின் டியூஷன். மழை பெய்தால் ஆட்சியர் விடுமுறை விடுவார். அந்த ஒரு நாளைச் சனிக்கிழமை வட்டியோடு வசூலிப்பார்கள். பரவாயில்லை, நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு வட்டி பழக்கம்தான்.

மனம் நொந்த பிள்ளைகளுக்கும் வழி செய்திருக்கிறார்கள். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கான நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் இடத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவர் வேண்டும். அதற்குக் குறைந்த இடங்கள் வெளியிலுள்ள நிபுணர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா ஆசிரியர்களும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி பெற வேண்டும். மாணவி ஒருத்தியின் சாவு வழக்கில் வந்த தீர்ப்பு, அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. நடைமுறையில் என்னவாகும் என்பதுதான் கேள்வி. ஆலோசகர் பணியிடத்துக்கு நிதி வருவதற்குள் பயிற்சி வந்துவிடும். பயிற்சிக்குப் போட்டோ வந்துவிடும். அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பிள்ளைகளை அணி பிரித்திருக்கிறார்கள். ஆசிரியர்களை எந்த அணியில் சேர்ப்பது என்று யோசிக்கவே வேண்டாம், பாலைதான்.

பாவில் ஓர் இழை அறுந்தால் ஆரணி நெசவாளி தறியை நிறுத்துவார், முடிச்சுப் போடுவார், பிறகுதான் நாடாவை ஓட்டுவார். துறையோ தறியை நிறுத்தாமல், அறுந்த இழைக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கிறது.

ஆரணிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் நீங்கள்தான். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். நம் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, சென்ற மாதம் எந்தெந்த நாளில் எந்த டீச்சர் எந்த வேலைக்காக வெளியே போனார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அரசுப் பள்ளியில் காலிப் பணியிடம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. தாண்டியிருந்தால் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். புகார் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.