வட்டுக்கோட்டை மதிற்பாசி: ஒரு மூலபாட ஆய்வு

மதில் கறுப்பதும், கறுத்த மதிலை வெளுப்பதும், வெளுத்தது மறுமாரியில் மீண்டும் கறுப்பதும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வட்டுக்கோட்டையில் நெடுங்காலமாக நடந்துவரினும், இதுபற்றிய முறையான ஆய்வு எதுவும் எம் தேடலுக்கு எட்டவில்லை. யாம் தேடவில்லை என்பது வேறு விடயம். "எம் தேடலுக்கு எட்டியவரை" என்று எழுதிவிட்டால் தேடியதாகவே கொள்ளப்படும் என்பது ஆய்வுலகின் பெருந்தன்மை.

முறையியல் உள்ளூருக்கே உரியது. வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு என்று மறுமொழி வரும் பழமொழியைப் பலரும் கேலியாக எடுத்துக்கொள்கின்றனர். எமக்கு அதில் கேலி எதுவும் தெரியவில்லை. கேட்காத கேள்விக்கு விலை, எண்ணிக்கை முதலான நுண்விவரங்களோடு விடையிறுப்பது ஒரு பெருநெறி. கலாநிதிப் பட்டங்கள் சில இந்நெறி வழியே வந்தவை. எம்மிடம் கேட்கப்பட்டது இது: "தம்பி, பொங்கலுக்கு முந்தி உந்த மதில் பாசியைப் போக்காட்ட என்ன வழி?" கேட்டவர் பெரியம்மா. விடை வருமாறு.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், செங்கல் கட்டும் மேசனாகிய யோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். இடையில் ஓராண்டே. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என ஒருவரும் வினவவில்லை. தொடர்பு இல்லாமையே காரணம் என்பார் உளர். அது மிக எளிய விளக்கம், ஆதலால் ஏற்கத்தக்கதன்று. செமினரி 1855இல் மூடப்பட்டது, சீமெந்து மூடப்படவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லை அரைத்துச் சுட்டுக் காங்கேசன்துறைத் தொழிற்சாலை சீமெந்தாக்கியது. ஆக, நிலத்துக்குக் கீழே கிணற்றுச் சுவராகவும் மேலே வளவு மதிலாகவும் நின்றது ஒரே கல்தான். இக்கருத்து பின்னர் உதவும். இப்போதைக்கு ஆழமாக இருப்பதே போதும்.

பாசி மூவகைப்படும். பச்சை: மாரியில் தோன்றும், வழுக்கும். கறுப்பு: கோடையிலும் நிற்கும். மூன்றாவது, பெரியம்மாவின் கண்ணுக்கு மட்டும் தெரிவது. கறுப்பைப் புகை என்பாரும் தூசி என்பாரும் உளர். பெரும்பாலும் அது உயிருள்ளது. சயனோபக்ரீரியா எனப்படும் நீலப்பச்சைப் பாசியினம். வெயிலில் காய்ந்து செத்ததுபோல் கிடந்து முதல் மழைக்கு எழும். குடாநாட்டுப் பெருமழை வாடையோடு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது. அம்மாதங்களில் சூரியன் தென்பால் சாய்ந்திருப்பதால் மதிலின் வடக்கு முகத்தில் வெயில் விழாது. நனைந்தது காயாது, காயாதது கறுக்கும் (சான்று: எம் மதில், வடக்கு முகம், முழுவதும்).

இனி மையப் பொருள். மதில் ஒரு நூல் என்பது எம் துணிபு. சுரண்டினால் பாடபேதங்கள் அடுக்கடுக்காக வெளிப்படும். மூலபாடம் சுண்ணாம்பு. அதன்மேல் நீலம் கலந்த சுண்ணாம்பு; இது மூல ஆசிரியராகிய பெரியப்பாவின் கையென்பர் சிலர், இடைச்செருகல் என்பார் பெரியம்மா. அதற்கு மேல் மஞ்சள் எமல்ஷன், கனடாக் காசு வந்த காலத்துப் பாடம் (காண்க: மேற்கு முகம், கேற்றிலிருந்து மூன்றாம் தூண், ஒப்புநோக்குக: குளியலறைச் சுவர், மிச்சம் அடித்தது). மஞ்சளின்மேல் சுவரொட்டிகள். அடியில் கண்ணீர் அஞ்சலி, நடுவில் பௌதிகவியல் ரியூஷன், மேலே தேர்தல். தேர்தல் அடுக்கில் வேட்பாளரின் மீசை மட்டுமே எஞ்சியுள்ளது (காண்க: மீசை, இடப்பாதி, வலப்பாதி ஆடு தின்றது, பசைக்காக என்று கருதப்படுகிறது, ஆட்டின் வாக்குமூலம் ஒழுங்கையில் பதிவுசெய்யப்பட்டது, எழுத்துப்பெயர்ப்புக் குறியீடு வகுக்கப்படாமையால் ஈண்டுத் தரப்படவில்லை). இம்மீசை எக்கட்சிக்கு உரியது என்பதில் எமக்கும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் உள்ள விவாதம் தனிநூலாகும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அவர் முடிவு தவறு என்பதற்கு அவர் முந்திச் சொல்லிவிட்டார் என்பதே போதிய ஆதாரம்.

மஞ்சள் மட்டும் ஏன் பொருக்காக உதிர்கிறது? சுண்ணாம்பு பூசிய சுவரின் ஈரம் வெளியே ஆவியாகும். சுண்ணாம்பின் காரத்தில் பாசி எளிதில் வளராது. பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்ற் ஈரத்தை உள்ளே அடைக்கும். அடைபட்டது தோலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டு, மூலபாடம் மீண்டுவிட்டதென மகிழும் ஆய்வாளர் உளர். அது சீமெந்திலிருந்து ஊறி வந்த உப்பு. காய்ந்த பிறஷால் தட்ட வேண்டும்; தண்ணீர் ஊற்றினால் பெரும்பகுதி கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

முன்சொன்ன செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். தொட்டால் ஒடியும் பொருளை எப்படித் தொடுவது என்று அறிந்தவர். இன்றைய மதில் பதிப்பாசிரியரோ வாகனம் கழுவும் பிறஷர் பம்பைக் கொண்டுவந்து பாசியோடு சேர்த்துச் சீமெந்துப் பாலையும் அடித்துக் கழுவுகிறார். மணல் தெரிய நிற்கும் சுவருக்கு ஒரு பூச்சுப் பூசி, "பழைய கோலத்துக்கே கொண்டு வந்திட்டன்" என்கிறார். சொரசொரத்த அந்தத் தோலில் அடுத்த மாரிப் பாசி முன்னிலும் நன்றாகப் பிடிக்கும். சில பழந்தமிழ் நூல்களின் திருத்திய பதிப்புகளும் இம்முறையில் வந்தவையே. பெயர் சொன்னால் எமக்கு அணிந்துரை கிடையாது.

இவ்விடத்தில் ஆய்வு தடைப்பட்டது. "நான் கேட்டது பாசிக்கு. நீ இன்னும் தாமோதரம்பிள்ளையிலை நிக்கிறாய்" என்றார் பெரியம்மா. அருகில் வாளியோடு நின்ற மேசனார் சொன்னார்: "பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்திப்போட்டுக் கொஞ்சம் விட்டு, தும்புத்தடியாலை உரஞ்சினால் சரி ஐயா. பேந்து நல்லாக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கோ." பாசியைக் கொல்லாமல் உரஞ்சினால் வேர்விட்டதுபோல் திரும்ப வரும் என்பதும், கரைசலை மிகையாக ஊற்றினால் சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே கிணற்றுக்குப் போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. ஆயின் அவர் கூற்றில் மேற்கோள் ஒன்றும் இல்லை. ஆய்வில் சேர்க்க இயலாமையால் கரைசலாக மட்டும் சேர்த்துக்கொண்டோம்.

வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்றதும் வாசகர் 1976 மே 14இன் அரசியல் தீர்மானத்தை நினைப்பர். எம் தீர்மானம் சிறியது: மதிலை அசிட்டால் கழுவற்க. நுரை பொங்குவதைக் கண்டு அழுக்குப் போகிறது என்று நம்புவோர் பலர். பொங்குவது சுண்ணாம்பு, போவது மதில். அசிட் வெடிப்பு வழியே கம்பியைத் தொட்டுவிட்டால் கறள் தொடங்கும். கறளுக்கு இரும்பிலும் பல மடங்கு இடம் தேவை. அவ்விடத்தை அது கொங்கிறீற்றை உடைத்து எடுத்துக்கொள்ளும். அப்படி உடைந்த தூணுக்கு மேலாகச் சீமெந்து அப்புவது வீண். கம்பி வெளித்தெரியக் கொத்தி, கறளைச் சுரண்டி, பிறகே பூச வேண்டும்.

மர இயல் சுருக்கமானது, ஏனெனில் ஊரில் கேற்றெல்லாம் இரும்பாகிவிட்டன. எஞ்சிய சங்கடப் படலைகளின் கூரையில் பனஞ்சலாகை உண்டு. பனைக்கு வயிரம் வெளியே, சோறு உள்ளே (எந்தப் பேராசிரியரையும் கருதி எழுதவில்லை). ஆகவே அறுத்த முனையால்தான் தண்ணீர் குடிக்கும். முனையைப் பூசாமல் பக்கத்தைப் பளபளப்பாக்குவது வீண். வேப்பங் கதவு நரைப்பது வெயிலால் மேல்நார் சிதைந்து மழையில் கழுவுண்டு போவதால். அரத்தாளை நாரோடு ஒட்டித் தேய்த்தால் உள்நிறம் வரும். கறையானுக்கென்று கழிவு ஒயில் பூசுவோர், மேலே சொன்ன "ஒரே கல்" கருத்தை மீண்டும் வாசிக்கவும். அது இதற்காகத்தான் வைக்கப்பட்டது.

எம் மதிலின் தெற்கு முகம் அயலவர் வளவுக்குள் இருப்பதால் இவ்வாய்வில் இடம்பெறவில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமாகிய தேசவழமை, காணி விற்கையில் அடுத்த காணிக்காரருக்கும் ஒருகாலத்தில் முன்னுரிமை தந்தது. பாசி உரஞ்சுவதில் யாருக்கு முன்னுரிமை என்பதை யாம் இன்னும் நிறுவவில்லை. இரண்டாம் தொகுதிக்காக அவர்கள் பக்கம் ஏணி வைக்க அனுமதி கோரினோம். எல்லைக்கல் எங்கே என்று முதலில் காட்டும்படி மறுமொழி வந்திருக்கிறது.