இரவலுக்கு ஒரு செக்போஸ்ட்

சி.டி. சேஞ்சர் என்றால் மூன்று தட்டு, மிஞ்சிப் போனால் ஐந்து தட்டு என்பதுதான் நமக்குப் பழக்கம். சோனி கம்பெனியோ 300 தட்டு கொள்கிற பெட்டி ஒன்றைச் செய்து விற்றது; சிடிபி-சிஎக்ஸ் 355 என்று பெயர். உள்ளே பெரிய சக்கரம், அதில் வரிசை எண்ணோடு தட்டுகள் செங்குத்தாக நிற்கும். எண்ணைக் கொடுத்தால் சக்கரம் உருண்டு வந்து நிற்க, உரிய தட்டு மட்டும் உள்ளே இழுபடும். எழுந்திருக்காமல் பாட்டுக் கேட்கக் கண்டுபிடித்தது என்று நினைப்பீர்கள். எளாவூர் மாதிரி, தெருவில் பாதிப்பேர் உறவும் மீதிப்பேர் பழக்கமுமாக இருக்கிற ஊரில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். அது பாட்டுக் கேட்கும் பெட்டியே அல்ல. தட்டை இரவல் கொடுக்காமலிருக்க உதவும் பெட்டி.

கேட்பதற்கு என்றால் கணக்கு உதைக்கிறது. தமிழ்ப் படத்துக்கு ஐந்தாறு பாட்டு, அரை மணி நேரம். 74 நிமிடம் கொள்ளும் தட்டில் பாதிக்கு மேல் காலியாகவே சுற்றும். 300 தட்டை அடைத்தாலும் 1,500, 1,800 பாட்டுதான் தேறும். பஸ் ஸ்டாண்டில் விற்ற எம்பி3 தட்டு ஒன்றிலேயே 150 பாட்டு இருந்தது. பன்னிரண்டு தட்டோடு கதை முடிந்தது. போதாததற்கு, அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 120 வோல்ட் கேட்கும், நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230. அதற்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கிப் பக்கத்தில் உறும விட வேண்டும். பாட்டு மட்டுமே குறி என்றால் எவரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

காப்பது என்று பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. அலமாரியில் அட்டை தெரிய நிற்கும் தட்டை, "நாளைக்கே கொடுத்துடறேன் மாமா" என்று யாரும் உருவிப் போகலாம். அந்த நாளை எந்தக் காலண்டரிலும் வராது. சக்கரத்துக்குள் போன தட்டின் நிலைமை வேறு. எளாவூர் சோதனைச்சாவடியில் லாரி நிற்கிற மாதிரிதான்: வந்து சேருவது சுலபம், காகிதம் சரியில்லாமல் வெளியேறுவது கஷ்டம். பெயர் பதிந்து வைக்க வசதி உண்டு, ஆனால் 13 எழுத்துதான், அதுவும் ஆங்கிலத்தில். 'முள்ளும் மலரும்' இடைவெளியோடு 14 வரும். கடைசி எழுத்து வாசலிலேயே நிற்கும். 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்துக்கு வறுமை முழுசாகக் கிடைக்கும், நிறம் பாதியில் நின்றுவிடும், சிவப்புக்கு இடமே இல்லை. கேட்டு வந்தவர் 187-ஆம் எண்ணுக்கும் 211-க்கும் நடுவே திகைத்து, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். அலமாரியில் மிச்சமிருக்கும் காலி அட்டையை எடுத்துப் போனவரும் மறுநாளே திருப்பித் தருவார். இரவல் வரலாற்றில் இது புதுமை.

சொந்தக்காரருக்கே தட்டு அகப்படாதே என்று ஒரு ஆட்சேபணை வரும். வாஸ்தவம். அதற்காகத்தான் கலைத்துப் போடும் பொத்தான். கந்த சஷ்டி கவசத்தை அடுத்து காபரே பாட்டு வரக்கூடும் என்பதால், வீட்டில் பூஜை நடக்கும் நாளில் மட்டும் அதைத் தொடக் கூடாது. கையிலுள்ள போனில் கோடிப் பாட்டு இருக்கையில் இது எதற்கு என்பது அடுத்த ஆட்சேபணை. போனில் இருப்பது நாம் வாங்கிய பாட்டல்ல, நமக்கு வந்த இரவல். இளையராஜா பாடல்களின் உரிமைக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் எத்தனை வழக்குகள் நடந்தன! உரிமம் கைமாறினால் நேற்றிருந்த பாட்டு இன்று பட்டியலில் இருக்காது. இரவல் வாங்கியே பழகிய நமக்கு, கொடுத்தவர் சொன்னபடி திருப்பி வாங்கிக்கொள்வது புரியாத விஷயம்.

ஆகவே பழைய பெட்டி எங்காவது விலைக்கு வந்தால் தாராளமாக வாங்கலாம். ஸ்பீக்கர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முன்கதவு எப்படித் திறக்கும் என்பதை மட்டும் மைத்துனருக்குக் காட்டக் கூடாது.