பசங்களுக்கு வீடு

மடிப்பாக்கத்தில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதற்கு முன்னால் என் அக்கா மகனைப் பற்றி இரண்டு வார்த்தை. கோவில்பட்டிக்காரன். எம்.எஸ்சி. சேர்ந்திருக்கிறான். கல்லூரி தரமணிப் பக்கம். ஹாஸ்டலில் இடமில்லை, கூடப் படிக்கிற இரண்டு பேரோடு சேர்ந்து வீடு பிடிக்க வேண்டும். "மாமா இருக்காங்கல்ல, பாத்துக்கிடுவாங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள். மாமா வீட்டில் மாமாவுக்கே இடமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

டு-லெட் பலகையைப் பார்த்ததும் நமக்கெல்லாம் ஏன்தான் முதுகு வளைகிறதோ. கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றுகிறோம். ஓனர் வீட்டு நாய் காலைக் கவ்வினால்கூட "நல்லா வளத்திருக்கீங்க சார்" என்கிறோம். மருமகனுக்கு நானே பயிற்சி கொடுத்தேன். தாடியை எடு. கேட்டால் மட்டும் பேசு. கிடார் வைத்திருப்பவனைக் கூட்டி வராதே. நெற்றியில் கொஞ்சம் விபூதி இருக்கட்டும். இவ்வளவும் செய்து போய் நின்றால், "பேச்சிலர்ஸா? ஃபேமிலிக்குத்தான் சார்" என்று கதவைச் சாத்துகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஒரே வரியில் முடித்துவிடும் உத்தமர்கள்.

வில்லங்கம், "உள்ள வாங்க" என்பவர்களிடம்தான்.

"சொந்த ஊர் எது தம்பி?"

"கோவில்பட்டி சார்."

"கடலைமிட்டாய் ஊரு! கோவில்பட்டியில எங்க?"

எங்கே என்று சொன்னால் எந்தத் தெரு என்பார். தெருவைச் சொன்னால் தெருவில் எந்தப் பக்கம் என்பார். சென்னையைத் தாண்டித் தெற்கே போகாதவருக்குக் கோவில்பட்டித் தெருவின் வடபுறம் எதற்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்களுக்கும் வாடகை வீடு பார்த்த அனுபவம் இருக்கும்.

நேராகக் கேட்கமாட்டார். நாகரிகமானவர். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் பின்னாளில் வீட்டு ஓனர்கள் படப்போகும் பாட்டை அந்த மாநாட்டில் ஒருவராவது நினைத்துப் பார்த்தாரா? பெயரைக் கேட்டதும் முடிந்திருக்க வேண்டிய வேலை. இப்போது மனிதர் துப்பறிய வேண்டியிருக்கிறது. முதலில் இனிஷியலைப் பிடிக்கிறார். அப்பா பெயர் செல்வராஜ். போச்சு, கோயிலா சர்ச்சா என்று இன்னொரு சிக்கல். "வீட்ல நான்வெஜ் உண்டா?" "ஞாயித்துக்கெழம மட்டும் சார்." தமிழ்நாட்டில் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரைக் கழிப்பது? அப்பா வேலை, தாத்தா வேலை, நிலம் உண்டா, கிணறு உண்டா. "குலதெய்வம் எது தம்பி?" அவனுக்குத் தெரியவில்லை, வருடத்துக்கு ஒருமுறை வேனில் ஏற்றிக் கூட்டிப் போகிறார்கள், இவன் தூங்கிவிடுகிறான். கடைசியாக, போன ஞாயிற்றுக்கிழமை மடிப்பாக்கத்தில் ஒருவர் எடுத்தார் பாருங்கள் பிரம்மாஸ்திரம்: "செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுல உங்களுக்கு எந்த நாள் மண்டகப்படி?"

நானே அசந்துபோனேன். என்ன ஆழம், என்ன படிப்பு! இந்த மனிதர் வாடகைக்கு விடும் நேரத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதியிருக்கலாம். மருமகன் யோசித்துவிட்டு, "ராட்டினம் போடுற நாள் எல்லாமே போவோம் சார்" என்றான்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அவர் வீட்டில் யாரைக் கேட்பாரோ, இன்றுவரை போன் இல்லை. பலகை மட்டும் தொங்குகிறது. ஒன்றரை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மொட்டை மாடி. அதற்குப் பெண் கேட்டு வந்தவர்களை விசாரிப்பதுபோல் மூன்று தலைமுறை விசாரணை. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வயிறு எரிகிறது.

அட்வான்ஸ் பத்து மாதம். 2017-இல் சட்டம் போட்டு 2019-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்: மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய. அந்த 'ஒழிய'வில்தான் சென்னை முழுக்கக் குடியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதும் அரசாங்கத்துக்குத் தெரிந்த அளவு ஓனர் மாட்டிய சப்-மீட்டருக்குத் தெரியாது. அது முதல் யூனிட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறது. வேளச்சேரியில் ஒருவர், "2015 வெள்ளத்துலயே நம்ம வீட்டுக்குச் சொட்டுத் தண்ணி வரல" என்றார். சுவரில் என் முழங்கால் உயரத்துக்குக் கறை. அது 2023 டிசம்பர் என்றார். பொய் சொல்லவில்லை பாருங்கள்.

எங்கள் காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன் இருந்தது. இப்போதும் இருக்கிறது. மூட்டைப்பூச்சி, வரிசையில் நின்று குளியல், பக்கத்து அறையில் அரசுத் தேர்வுக்குப் படிப்பவரின் பொது அறிவு ராத்திரியெல்லாம் சத்தமாக. ஆனால் மானேஜர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த மாசம் வரைக்கும்?" மருமகனைக் கூட்டிப் போய்க் காட்டினேன். "தரமணிக்கு ரயில் இருக்குடா, சேப்பாக்கத்துல ஏறுனா திருவான்மியூர் தாண்டி அடுத்த ஸ்டேஷன்" என்றேன். குளியலறையைப் பார்த்தவன், "மாமா, நீங்க இங்கயா இருந்தீங்க?" என்று கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது தரமணியிலேயே ஒரு மாடி தகைந்து வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, அப்பா அம்மாவை நேரில் பார்க்க வேண்டுமாம். அக்காவும் அத்தானும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. நேற்று ராத்திரி அக்கா போன் செய்தாள்.

"குலதெய்வம் கேப்பாங்களாமே, என்னத்தச் சொல்ல?"

"அய்யனார்னு சொல்லுக்கா. எல்லாருக்கும் இருக்காரு. ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எந்த அய்யனார்னு கேட்டாம்னா?"